மனிதனா? குதிரையா? மலை மேட்டில் 22 மைல் பந்தயம்!

குதிரையோடு ஓடி மனிதன் ஜெயிக்க முடியுமா?

முடியும் என்றார் ஒருவர். முடியவே முடியாது என்றார் இன்னொருவர். வாய்ச் சண்டை வளர்ந்தது. அந்தச் சண்டையில் பிறந்ததுதான் உலகத்திலேயே விசித்திரமான ஓட்டப் பந்தயம்!

1980ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பந்தயத்தில் ஒரு மனிதன் குதிரையை வெல்வதற்கு 24 ஆண்டுகள் ஆயின. அதுவரை குதிரைதான் வென்றது. ஆனாலும் மனிதர்கள் ஓடுவதை நிறுத்தவில்லை.

சின்னஞ்சிறு ஊர்

பிரிட்டனின் மேற்குப் பகுதி வேல்ஸ். மலைகள் நிறைந்த நாடு. அதன் நடுவில், இர்பான் என்ற ஆற்றின் கரையில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் லனூர்டிட் வெல்ஸ்.

பிரிட்டனிலேயே மிகச் சிறிய நகரம் எங்கள் ஊர்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் சுமார் 850 பேர். அவ்வளவுதான்!

ஒரு காலத்தில் இந்த ஊருக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். காரணம், ஒரு நீர் ஊற்று. அந்தத் தண்ணீரில் கந்தக வாடை அடிக்கும். நாற்றம் தாங்காது. அந்த ஊற்றுக்கு வேல்ஸ் மொழியில் "நாற்றக் கிணறு" என்றே பெயர்.

1732ஆம் ஆண்டில் தியோபிலஸ் எவான்ஸ் என்ற பாதிரியார் அந்த ஊற்றைக் கண்டார். அவருக்கு உடம்பு சரியில்லை. ஊற்றுக்குள் ஒரு தவளை கொழுகொழு என்று இருந்ததாம். தவளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, நமக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று நினைத்து அவர் தண்ணீரைக் குடித்தாராம். நோய் குணமாகிவிட்டது என்பது கதை.

அதன் பிறகு நோயாளிகள் அந்த ஊரைத் தேடி வந்தார்கள். ஓட்டல்கள் முளைத்தன. ரெயிலும் வந்தது. பிறகு காலம் மாறியது. மருந்துகள் பெருகின. ஊற்றுத் தண்ணீரை யாரும் நாடவில்லை. ஊர் தூங்கத் தொடங்கியது.

மதுக்கடைப் பேச்சு

ஊரின் நடுவில் "நெய்யத் ஆர்ம்ஸ்" என்ற பழைய ஓட்டல் இருக்கிறது. மதுவும் விற்கும் ஓட்டல். அதை நடத்தியவர் கார்டன் கிரீன்.

1980ஆம் ஆண்டு. ஓட்டலில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு குதிரையைப் பற்றித் திரும்பியது. சமதரையில் குதிரையை யாரும் வெல்ல முடியாது. ஆனால் மலையும் மேடும் உள்ள காட்டுப் பாதையில், நெடுந்தூரம் ஓடினால், மனிதன் குதிரைக்குச் சளைத்தவன் அல்ல என்று ஒருவர் வாதாடினார். மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இது ஓட்டல்காரர் காதில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். கார்டன் கிரீன் அப்படிச் செய்யவில்லை. ஓடித்தான் பார்ப்போமே என்று முடிவு செய்தார். ஊருக்கு நாலு பேர் வருவார்கள், வியாபாரமும் நடக்கும் என்பது அவர் கணக்கு.

அந்த ஆண்டே பந்தயம் நடந்தது. குதிரை வென்றது. கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் அல்ல. முதல் குதிரை வந்து அரை மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகுதான் முதல் மனிதன் வந்து சேர்ந்தான்!

பாதை எப்படி?

மாரத்தான் பந்தயத்தின் தூரம் 26 மைலுக்குக் கொஞ்சம் அதிகம். இந்தப் பந்தயம் சுமார் 22 மைல்தான். அதாவது 35 கிலோமீட்டர். தூரம் குறைவு என்று ஏமாந்துவிடக் கூடாது. மாரத்தான் பந்தயம் தார் ரோட்டில் நடக்கும். இங்கே ரோடு ஊர் எல்லையோடு சரி!

அதற்குப் பிறகு மலை ஏற்றம். பைன் மரக் காடு. கூழாங்கல் ஓடை. வழுக்குப் பாறை. ஓர் ஏற்றம் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் செங்குத்தான இறக்கம். இறங்கி முடித்தால் மறுபடியும் ஏற்றம்.

மலை உச்சிக்குப் போனால் மரமே இல்லாத அகன்ற மேட்டு நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் புதரும்தான். ஆங்காங்கே செம்மறி ஆடுகள் மேயும். பார்க்க அழகாக இருக்கும். ஓடிப் பார்த்தால்தான் தெரியும் சங்கதி!

புல் முண்டு முண்டாக வளர்ந்திருக்கும். காலை எங்கே வைத்தாலும் கணுக்கால் புரளும். புல்லுக்கு அடியில் கருப்பான சேறு. பல ஆயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மட்கி உண்டான சேறு அது. வெட்டி எடுத்துக் காய வைத்தால் விறகு போல எரியும். ஈரமாக இருக்கும்போது பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். காலை இழுத்தால் கால் வரும். செருப்பு வராது!

பந்தயம் நடப்பது ஜூன் மாதத்தில். அங்கே அது கோடைக்காலம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பெரணிச் செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்து பாதையை மறைக்கும். ஒரு நாள் மழை கொட்டும். மறுநாள் வெயில் அடிக்கும். மேட்டு நிலத்தில் ஒதுங்குவதற்கு ஒரு மரம்கூட இல்லை.

பதினைந்து நிமிஷம்

பந்தயத்துக்குச் சில விதிகள் உண்டு.

மனிதர்களும் குதிரைகளும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஊரின் தெருக்கள் குறுகலானவை. நூற்றுக்கணக்கான மனிதர்களும் பல குதிரைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் ஆபத்து. ஆகையால் மனிதர்கள் முதலில் ஓடுவார்கள். 15 நிமிஷம் கழித்துக் குதிரைகள் புறப்படும். அந்த 15 நிமிஷத்தைக் கடைசியில் கணக்கில் கழித்துவிடுவார்கள். மனிதனுக்குச் சலுகை கிடையாது.

குதிரை மீது ஆணும் ஏறலாம், பெண்ணும் ஏறலாம். ஓடுகிறவர்களிலும் ஆண்களும் பெண்களும் உண்டு. 22 மைலும் தனியாக ஓட முடியாதவர்கள் மூன்று பேராகச் சேர்ந்து, தூரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஓடலாம்.

குதிரைகளை மிருக டாக்டர்கள் பரிசோதிப்பார்கள். பாதி வழியிலும் பரிசோதனை உண்டு. குதிரை நொண்டினாலோ, மிகவும் களைத்துப்போனாலோ அதோடு சரி. மேலே ஓட விடமாட்டார்கள். குதிரையால் வாய் திறந்து சொல்ல முடியாது அல்லவா? அதற்காக டாக்டர்.

மனிதனுக்குப் பாதி வழியில் பரிசோதனை கிடையாது. அவனுக்கு முடியவில்லை என்றால் அவனே நின்றுகொள்ள வேண்டியதுதான்.

இந்த 15 நிமிஷ விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலாவதாக ஓடி வருகிற மனிதன் எல்லைக் கோட்டைத் தாண்டிவிடுவான். ஜனங்கள் கை தட்டுவார்கள். ஆனால் அவன் வென்றானா, தோற்றானா என்று அவனுக்கே தெரியாது! அடுத்த 15 நிமிஷத்துக்குள் ஒரு குதிரை வந்துவிட்டால் அவன் தோற்றான். 15 நிமிஷம் கழிந்தும் குதிரை வரவில்லை என்றால் அவன் வென்றான். ஓடி முடித்த பிறகும் நிம்மதி இல்லை. வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். குளம்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

தோல்வி மேல் தோல்வி

முதல் இரண்டு ஆண்டுகளும் குதிரை மிகவும் எளிதாக வென்றது. ஆகையால் 1982ஆம் ஆண்டு பாதையை மாற்றினார்கள். போட்டி சமமாக இருக்கட்டும் என்பது நோக்கம். அப்போதும் குதிரைதான் வென்றது.

1985ஆம் ஆண்டு முதல் சைக்கிள்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1989ஆம் ஆண்டு டிம் கூல்டு என்ற பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் முதல் குதிரையை மூன்று நிமிஷ வித்தியாசத்தில் தோற்கடித்தார். சைக்கிள் வென்றது அந்த ஒரே தடவைதான். 1993ஆம் ஆண்டோடு சைக்கிள்கள் நின்றுவிட்டன.

காலால் ஓடிய மனிதன் மட்டும் வெல்லவே இல்லை.

குதிரையை வெல்லும் மனிதனுக்கு என்று ஒரு பரிசு வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் யாரும் வெல்லாவிட்டால் அந்தப் பணம் அடுத்த வருஷப் பரிசோடு சேர்ந்துவிடும். தோல்வி வளர வளரப் பரிசும் வளர்ந்தது. 2004ஆம் ஆண்டில் அது 25 ஆயிரம் பவுன் ஆகிவிட்டது!

வந்தார் வீரர்

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம். அது 25ஆவது பந்தயம்.

ஹியூ லாப் என்ற வாலிபர் ஓட வந்தார். வயது 27. லண்டனில் இருந்து வந்தவர். மாரத்தான் ஓடிப் பழகியவர்.

அவர் 22 மைலையும் 2 மணி 5 நிமிஷம் 19 வினாடியில் ஓடி முடித்தார்.

குதிரைகளில் முதலாவதாக வந்தது கே பீ ஜே என்ற குதிரை. அதன் மீது இருந்தவர் ஜோயி ஒயிட் என்ற பெண். 15 நிமிஷத்தைக் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். குதிரைக்கு ஆன நேரம் 2 மணி 7 நிமிஷம் 36 வினாடி.

வித்தியாசம் 2 நிமிஷம் 17 வினாடி. மனிதன் வென்றுவிட்டான்!

24 ஆண்டுகளாக யாரும் தொடாத 25 ஆயிரம் பவுனும் ஹியூ லாபின் கைக்கு வந்தது. மதுக்கடையில் அன்று மனிதனுக்காக வாதாடியவர் சொன்னது பொய் இல்லை என்று ஆயிற்று.

இது குருட்டு அதிர்ஷ்டம் என்று சிலர் நினைத்திருக்கலாம். மூன்றே ஆண்டுகளில் அதற்கும் பதில் கிடைத்தது. 2007ஆம் ஆண்டு புளோரியன் ஹோல்சிங்கர் என்ற ஜெர்மானியர் ஓடினார். அவருக்கு ஆன நேரம் 2 மணி 20 நிமிஷம் 30 வினாடி. குதிரை சுமார் 11 நிமிஷம் பின்தங்கிவிட்டது.

குதிரைக்குச் சூடு, மனிதனுக்கு வியர்வை

நாலு கால் குதிரையை இரண்டு கால் மனிதன் எப்படி வெல்கிறான்?

குறைந்த தூரத்தில் மனிதனால் முடியவே முடியாது. ஜெசி ஓவன்ஸ் என்ற அமெரிக்க நீக்ரோ வீரரை உலகம் அறியும். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் நாலு தங்கப் பதக்கம் வாங்கியவர். ஊர் திரும்பிய பிறகு பிழைப்புக்காக அவர் குதிரைகளோடு ஓடிக் காட்டினார். அந்த ஆண்டு டிசம்பர் மாதம் கியூபா நாட்டின் ஹவானா நகரில் 100 கஜப் பந்தயத்தில் குதிரையை வென்றார். ஆனால் 40 கஜம் முன்னால் நின்றுதான் அவர் ஓடினார். சட்டென்று மிரளும் குதிரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. துப்பாக்கிச் சத்தத்தில் குதிரை மிரண்டு நிதானத்துக்கு வருவதற்குள் அவர் பாதித் தூரம் ஓடிவிடுவார். இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உலக வீரருக்கே அந்த நிலைமை!

நெடுந்தூரம் என்றால் கதை வேறு. ஓடும்போது உடம்பில் சூடு ஏறும். அந்தச் சூட்டை யார் சீக்கிரம் வெளியேற்றுகிறார்களோ அவர்களே தொடர்ந்து ஓட முடியும்.

மனிதனுக்கு உடம்பு முழுவதும் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. இருபது லட்சத்துக்கும் அதிகம்! மேல் தோலில் அடர்ந்த உரோமம் கிடையாது. வியர்வை வழிகிறது. காற்றுப் பட்டுக் காய்கிறது. உடம்பு குளிர்கிறது.

குதிரைக்கும் நன்றாக வியர்க்கும். ஆனால் அதன் உடம்பு பெரியது. 400, 500 கிலோ இருக்கும். மேலே உரோமம் வேறு. ஒரு டம்ளர் காப்பி சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஓர் அண்டா வெந்நீர் சீக்கிரம் ஆறுகிறதா? அதே கணக்குதான்! குதிரை என்கிற அண்டா ஆறுவதற்கு நேரம் ஆகிறது. அதுவரை குதிரை மெதுவாகத்தான் போக வேண்டும்.

இந்தப் பந்தயத்தின் பழைய கணக்குகளையும், இதைப் போன்ற வேறு சில பந்தயங்களின் கணக்குகளையும் எடுத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2020ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. வெயில் ஏற ஏற மனிதனும் வேகம் குறைகிறான். ஆனால் குதிரையின் வேகம் அதைவிட அதிகமாகக் குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

பாதையும் மனிதனுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் குதிரை தயங்கித் தயங்கித்தான் இறங்கும். மேலே ஆளும் உட்கார்ந்திருக்கிறார். மனிதன் காலுக்கு இடம் பார்த்து, தாவித் தாவி இறங்கிவிடுவான். சேற்றில் கனமான குதிரை அதிகம் அமிழும். சமவெளியில் இழந்த நேரத்தை மனிதன் இந்த இடங்களில்தான் மீட்கிறான்.

2004ஆம் ஆண்டில் ஹியூ லாப் வென்றார் அல்லவா? அதே ஆண்டில் டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனித உடம்பே நெடுந்தூரம் ஓடுவதற்கு ஏற்றபடி அமைந்தது என்பது அவர்கள் கருத்து. குதிகாலுக்கு மேலே உள்ள நீளமான தசைநாண் வில்லைப் போல இழுபட்டு நம்மை முன்னே தள்ளுகிறது. ஓடும்போது தலை ஆடாமல் இருக்கப் பிடரியில் ஒரு நார் இருக்கிறது. ஆதி மனிதன் மிருகங்களை வெயிலில் துரத்தித் துரத்திக் களைக்க வைத்துப் பிடித்திருப்பான் என்று அவர்கள் கூறினார்கள். ஆப்பிரிக்காவில் கலஹாரி என்ற வறண்ட பூமி இருக்கிறது. அங்கே சான் இன மக்கள், நடுப்பகல் வெயிலில் பெரிய மான்களை மணிக்கணக்கில் துரத்தி வேட்டையாடியதைப் பார்த்துக் குறிப்பு எழுதியவர்கள் உண்டு.

தூங்காமல் ஓடியவர்

2007ஆம் ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் குதிரைகளின் காலம். ஆண்டுகள் ஓடின. கொரோனா நோய் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பந்தயம் நடக்கவில்லை.

2022ஆம் ஆண்டு மீண்டும் நடந்தது. ரிக்கி லைட்புட் என்பவர் ஓட வந்தார். இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்த தீயணைப்பு வீரர். மலை ஓட்டத்தில் பேர் பெற்றவர். அவர் வரவேண்டிய விமானம் தாமதமாகிவிட்டது. பந்தயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் தூங்கி 29 மணி நேரம் ஆகியிருந்தது! தூங்காத கண்ணோடு 22 மைல் ஓடினார். 2 மணி 22 நிமிஷம் 23 வினாடியில் வந்து சேர்ந்தார். குதிரையை இரண்டு நிமிஷ வித்தியாசத்தில் வென்றார்.

அடுத்த ஆண்டும் மனிதனுக்கே வெற்றி. 2023ஆம் ஆண்டு வென்றவர் டேனியல் கானலி.

1980 முதல் 2023 வரை கணக்குப் பார்த்தால் மனிதன் வென்றது நாலே நாலு தடவை. சைக்கிள் வென்ற 1989ஆம் ஆண்டைத் தவிர, பந்தயம் நடந்த மற்ற எல்லா வருஷமும் குதிரைக்குத்தான் வெற்றி.

ஊர் விழித்துக்கொண்டது

மனிதன் வென்றானோ இல்லையோ, லனூர்டிட் வெல்ஸ் வென்றது. ஜூன் மாதம் வந்தால் ஓட்டல்கள் நிறைந்துவிடும். ஓடுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வேறு. கந்தகத் தண்ணீர் கொண்டுவந்த கூட்டத்தை இப்போது குதிரை கொண்டுவருகிறது!

இதைப் பார்த்த கார்டன் கிரீன் இன்னொரு யோசனையும் செய்தார். ஊருக்கு வெளியே சேற்றில் 60 கஜ நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, கருஞ்சேற்றுத் தண்ணீரில் மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு நீந்தும் போட்டியைத் தொடங்கினார். அதற்கும் பல நாடுகளில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். சேறுதான் உண்டு, வேறு ஒன்றும் இல்லை என்று ஊர்க்காரர்கள் சலித்துக்கொள்ளவில்லை. சேற்றையே காசாக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்திலும் 1983ஆம் ஆண்டு முதல் இதைப் போன்ற ஒரு பந்தயம் நடந்துவருகிறது. அதுவும் மதுக்கடையில் நடந்த வாக்குவாதத்தில் பிறந்ததுதான்!

லனூர்டிட் வெல்சில் ஓட வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குதிரையை வெல்ல முடியாது என்று நன்றாகத் தெரியும். பலர் நாலு மணி, ஐந்து மணி நேரம் கழித்து, உடம்பெல்லாம் சேறாக, நொண்டிக்கொண்டு வந்து சேருவார்கள். எத்தனை குதிரைகள் தங்களுக்குப் பின்னால் வருகின்றன என்றுதான் அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு குதிரை பின்னால் வந்தாலும் போதும். அந்த வருஷம் முழுவதும் சொல்லி மகிழ அது போதும்.

குதிரைக்கு வேகம் இருக்கிறது. மனிதனுக்கு வியர்வை இருக்கிறது. வியர்வை சிந்துகிறவன் என்றாவது ஒரு நாள் வெல்வான் என்பதற்கு அந்த 24 ஆண்டுகளே சாட்சி.